தரையோடு படரும் அந்தச் சதைப்பற்றுச் செடி சாரணைதானா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கடற்கரை மணல்மேட்டுக்குப் பின்னாலும், கட்டட இடிபாடுகளைக் கொட்டிவைத்த ஒரு காலியிடத்திலும் ஒரே மாதிரியான செடி படர்ந்திருக்கிறது. இலை ஏறக்குறைய வட்டம், கொஞ்சம் சதைப்பற்று. தண்டில் சிவப்பு. இலையடியில் ஒளிந்துகொண்டதுபோல் சின்னதாக ஓர் இளஞ்சிவப்புப் பூ. படம் எடுத்து ஆப்பில் போட்டால் ஒரு தடவை பருப்புக்கீரை என்கிறது, அடுத்த தடவை ஓர்ப்பூடு, இன்னொரு தடவை மூக்கிரட்டை. எது சரி, இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே செடிதானா, சாப்பிடலாமா என்பதுதான் கேள்வி.

நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது சாரணை. தாவரவியல் பெயர் டிரையாந்திமா போர்ட்டுலகாஸ்ட்ரம், ஐசோயேசியே குடும்பம். 'இலையடியில் ஒளிந்துகொண்டதுபோல் பூ' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிதான் என்னை இவ்வளவு உறுதியாகப் பேச வைக்கிறது. வட்ட இலை, சிவப்புத் தண்டு, தரையில் படர்வது எல்லாம் பத்துப் பதினைந்து செடிகளுக்குப் பொது. ஆப் தடுமாறுவதும் அதனால்தான். மேலிருந்து எடுத்த படத்தில் அதற்குத் தெரிவது இலையும் தண்டும் மட்டுமே. இந்தக் கூட்டத்துச் செடிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவது கணு. அது படத்தில் இலைக்கு அடியில் மறைந்துவிடுகிறது.

அதனால் அடுத்த முறை போகும்போது ஒரு கிளையை மட்டும் தூக்கி, கணுவைப் பக்கவாட்டில் பாருங்கள். சாதாரணக் கைலென்ஸ் போதும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டினால் இன்னும் வசதி.

ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலைகள் எதிரெதிரே இருக்கும். ஆனால் இரண்டும் ஒரே அளவில் இருக்காது. ஒன்று பெரிதாகவும் மற்றது அதைவிட நன்றாகச் சிறியதாகவும் இருக்கும். பெரிய இலை 5 சென்டிமீட்டர் வரை போகும். நுனி வட்டமாகவோ லேசாகப் பள்ளம் விழுந்தோ இருக்கும், காம்பை நோக்கி ஆப்புபோல் குறுகி வரும். இப்போது அந்தக் காம்பைப் பிடித்துக்கொண்டே கண்ணைக் கீழே இறக்குங்கள். காம்பு தண்டைத் தொடும் இடத்தில் அகன்று, இரண்டு பக்கமும் மெல்லிய சவ்வாக விரிந்திருக்கும். சவ்வின் மேல் ஓரத்தில் சின்னப் பல் மாதிரி இரண்டு நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்ப்பக்க இலைக்காம்பிலும் இப்படியே. இரண்டு சவ்வுகளும் சேர்ந்து கணுவைச் சுற்றி ஓர் உறையாகிவிடுகின்றன. பூ அந்த உறைக்குள் உட்கார்ந்திருக்கிறது. பூவுக்குக் காம்பே கிடையாது. அடிப்பாதி உறைக்குள் புதைந்து, மேல்பாதி மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். பூக்காத நேரத்தில் போனால், பூவோ காயோ இருப்பதே தெரியாது. கணு கொஞ்சம் வீங்கியிருப்பதாகத்தான் தோன்றும்.

இளந்தண்டில் மெல்லிய மயிர் இருக்கலாம், பெரும்பாலும் ஒரு பக்கமாக வரிசை கட்டி. முதிர்ந்த தண்டில் உதிர்ந்துபோயிருக்கும். இது இருந்தால் ஒரு கூடுதல் சாட்சி, இல்லாவிட்டால் கவலை வேண்டாம்.

பூவைப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. ஐந்து மடல்கள், உட்புறம் இளஞ்சிவப்பு அல்லது வெள்ளை. இதழ்போல் தெரியும் இவை உண்மையில் புல்லிதழ்கள்; இந்தப் பூவில் அல்லி இதழ் என்று தனியாக எதுவும் இல்லை. ஒவ்வொரு மடலுக்கும் பின்புறம், நுனிக்குச் சற்றுக் கீழே, சின்னக் கொம்புபோல் ஒரு முனை நீட்டியிருக்கும். மகரந்தத்தாள்கள் 10 முதல் 25 வரை. நடுவில் சூல்தண்டு ஒன்றே ஒன்று. இந்த ஒன்று என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். பழைய நூல்களில் இதே செடி டிரையாந்திமா மோனோகைனா என்று வந்திருக்கும். அந்தப் பெயரும் இந்த ஒற்றைச் சூல்தண்டை வைத்துத்தான் வந்தது. இரண்டையும் வேறு வேறு செடி என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

காய் இந்தச் செடியின் மிகச் சுவாரசியமான பகுதி. பூ போன பிறகு அதே உறைக்குள் காய் முற்றுகிறது. முற்றியதும் நீளவாக்கில் வெடிக்காது. குறுக்கே சுற்றிலும் கீறல் விழுந்து, சிமிழ் மூடி கழல்வதுபோல மேல்பகுதி கழன்றுவிடும். மூடியின் தலை தட்டையாக, வெட்டிவிட்டதுபோல் இருக்கும். கழன்ற மூடியைத் திருப்பிப் பாருங்கள், உள்ளேயே ஒரு விதை சிக்கியிருக்கும், சில சமயம் இரண்டு. மற்ற விதைகள் கீழ்ப்பாதியில், உறைக்குள். அதாவது சில விதைகள் மூடியோடு தாய்ச்செடியை விட்டு விலகிப் போகின்றன, சில தாய்ச்செடி இருந்த இடத்திலேயே தங்கிவிடுகின்றன. விதை கறுப்பு, சிறுநீரக வடிவம், 1 முதல் 2.5 மில்லிமீட்டர். பளபளப்பு இருக்காது. மங்கிய கறுப்பில் அலையலையாக வரம்புகள் ஓடும். காய்ந்துபோன செடி மட்டுமே கிடைத்தாலும் இந்த விதையும் மூடியும் போதும், பெயரைச் சொல்லிவிடலாம்.

சரி, இப்போது ஆப் சொன்ன மூன்று பெயர்களுக்கு வருவோம். மூன்றுமே முட்டாள்தனமான ஊகங்கள் அல்ல.

பருப்புக்கீரை, அதாவது போர்ட்டுலகா ஒலரேசியா, ஒதுக்குவதற்கு மிகச் சுலபம். அதன் பூ மஞ்சள். இளஞ்சிவப்பைப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டீர்கள், அதோடு முடிந்தது. பூ இல்லாத நேரத்தில் இலை அமைப்பைப் பாருங்கள். பருப்புக்கீரையின் இலைகள் பெரும்பாலும் மாறிமாறி அமைந்திருக்கும், கிளை நுனியில் மட்டும் நெருங்கிக் கொத்தாகத் தெரியும். ஜோடியில் ஒன்று பெரிசு ஒன்று சிறிசு என்ற கதை அங்கே கிடையாது. தண்டு மயிரில்லாமல் வழவழப்பாக இருக்கும், காம்படியில் சவ்வு உறை இருக்காது. அதற்கும் மூடி கழலும் காய்தான், ஆனால் காய் கிளை நுனியில் வெளிப்படையாக நிற்கும், உள்ளே மிகச் சிறிய விதைகள் ஏராளமாக இருக்கும். அதன் தங்கை மாதிரி இன்னொரு சிறிய இனம் உண்டு, போர்ட்டுலகா குவாட்ரிஃபிடா. அதற்கு இலைகள் எதிரெதிரேதான், அதனால் ஒரு நொடி ஏமாற்றும். கணுவைச் சுற்றி வெள்ளை மயிர் வளையமாக நிற்பதையும் மஞ்சள் பூவில் நான்கு இதழ் இருப்பதையும் பார்த்தால் சந்தேகம் போய்விடும்.

ஓர்ப்பூடு, செசுவியம் போர்ட்டுலகாஸ்ட்ரம், கொஞ்சம் நெருங்கிய உறவு. அதுவும் ஐசோயேசியே குடும்பம், அதற்கும் இளஞ்சிவப்புப் பூ, அதற்கும் இலையடி அகன்று தண்டைத் தழுவியிருக்கும். போதாக்குறைக்குப் பெயரின் பின்பாதியும் ஒன்றே. இணையத்தில் போர்ட்டுலகாஸ்ட்ரம் என்று மட்டும் தேடினால் இரண்டு செடிகளின் படமும் கலந்து வரும். எனவே பெயரின் முன்பாதியைக் கவனிக்காமல் எந்தப் படத்தையும் நம்பாதீர்கள். செடியில் வித்தியாசம் தெளிவாகவே இருக்கிறது. ஓர்ப்பூட்டின் இலை நீளவாக்கானது, தடித்தது, பளபளப்பானது. ஜோடி இலைகள் ஏறக்குறைய ஒரே அளவு. பூவுக்குத் தெளிவான காம்பு உண்டு, அது இலைக்கோணத்திலிருந்து வெளியே வந்து நட்சத்திரம் விரிந்து நிற்கும். தேடிப் பார்க்க வேண்டியதில்லை. சூல்தண்டு மூன்று, சில பூக்களில் நான்கு. விதை வழவழப்பாக மின்னும். எல்லாவற்றையும்விட, அது பல ஆண்டு வாழும் செடி. தண்டு தரையைத் தொடும் கணுக்களில் எல்லாம் வேர் விட்டு மணலைக் கட்டிப்போட்டுவிடும். இழுத்துப் பார்த்தால் வரிசையாக வேர் பிய்ந்து வரும். சாரணையைப் பிடுங்கினால் பொதுவாக நடுவில் ஒரே ஆணிவேர், மெல்லியது. சுற்றிலும் படர்ந்த கிளைகள் அப்படியே தட்டையாகத் தூக்கிக்கொண்டு வந்துவிடும்.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. அமெரிக்கக் கண்டத்தின் அட்லாண்டிக் கரையோரம் இதைப் படிப்பவர் யாராவது இருந்தால், அங்கே செசுவியம் மாரிட்டிமம் என்று ஓர் இனம் உண்டு. அது ஓராண்டுச் செடிதான், பூவுக்கும் காம்பு இருக்காது. மகரந்தத்தாளை எண்ணுங்கள். ஐந்துதான் இருந்தால் அது செசுவியம், பத்துக்குக் குறையாமல் இருந்தால் சாரணை.

மூக்கிரட்டை, போயர்ஹாவியா டிஃப்யூசா. இந்த மூன்றில் நிஜமாகவே நிறையப் பேர் குழப்பிக்கொள்வது இதைத்தான், ஏனென்றால் அதற்கும் எதிரெதிர் இலைகளில் ஒன்று பெரிசு ஒன்று சிறிசு. மருந்துச் சரக்காக மூக்கிரட்டை வேர் என்று வருவதில் சாரணை கலந்திருப்பதும் தெரிந்த விஷயம்தான். ஆனால் பூ இருந்தால் பிரச்சினையே இல்லை. மூக்கிரட்டைக்குப் பூக்கள் மிகச் சிறியவை, மெல்லிய நீண்ட காம்புகளின் நுனியில் சின்னக் கொத்துகளாக, செடிக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். கணுவுக்குள் ஒளிவது அதன் வழக்கமில்லை. காயில் நீளவாக்கில் ஐந்து விளிம்புகள் இருக்கும், தொட்டால் பிசுபிசுப்பு. அந்தப் பக்கம் நடந்துவிட்டு வந்தால் துணியில் ஒட்டிக்கொண்டு வரும். இலையின் அடிப்பக்கம் வெளிறியிருக்கும், ஓரம் லேசாக அலை அலையாகப் போகும், சாரணை அளவுக்குச் சாறு இருக்காது. பிடுங்க முயன்றால் கீழே கெட்டியான வேர் பிடித்துக்கொள்ளும்; அது பல ஆண்டுச் செடி.

ஆப் சொல்லாத ஒரு பெயரையும் நான் சேர்க்க வேண்டும், ஏனென்றால் உண்மையான சோதனை இங்கேதான். சாலேயா டெக்காண்ட்ரா. முன்பு டிரையாந்திமா டெக்காண்ட்ரா என்று இதையும் சாரணையின் பேரினத்திலேயே வைத்திருந்தார்கள். தமிழில் இதையும் சாரணை என்றே சொல்பவர்கள் உண்டு; மூலிகை நூல்களில் வரும் சாரணை எது என்ற சச்சரவின் வேர் அதுதான். படர்வது, சதைப்பற்று, எதிரிலை எல்லாம் அப்படியே ஒத்துப்போகும். ஆனால் கணுவில் ஒற்றைப் பூ இருக்காது. பல பூக்கள் நெருங்கி ஒரு கொத்தாக இருக்கும். சூல்தண்டு இரண்டு. காயில் விதை நான்கு, முற்றியதும் காய் இரண்டு துண்டாகப் பிரியும். முன்னால் ஒற்றைச் சூல்தண்டு என்று அழுத்திச் சொன்னது இதற்காகத்தான். டிரையாந்திமா டிரைகுவெட்ரா என்று இன்னொன்று வறண்ட மணலில் வரும். இலை மிகச் சிறியது, ஒடுங்கியது, மேலெல்லாம் கண்ணாடித் துணுக்குபோல் மின்னும் புடைப்புகள், மகரந்தத்தாள் ஐந்தே. அதைச் சாரணையோடு குழப்ப வாய்ப்பு குறைவு.

அப்புறம், பால் வரும் செடிகள். அம்மான் பச்சரிசி வகையறாவில் தரையோடு ஒட்டிப் படரும் சில இனங்களை மேலோட்டமாகப் பார்த்தால் இந்தக் கூட்டத்தோடு சேர்த்துவிடத் தோன்றும். ஓர் இலையைக் கிள்ளினால் போதும், வெள்ளைப் பால் வந்தால் அது யூஃபோர்பியா. அந்தப் பால் தோலில் எரிச்சல் தரும், கண்ணில் பட்டால் அவதி. கிள்ளிய கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்க்காதீர்கள். சாரணையிலும் மேலே சொன்ன மற்றவற்றிலும் பால் வராது, தண்ணீர்போன்ற சாறுதான் வரும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தண்டு சிவப்பு என்பதை நீங்கள் முக்கிய அடையாளமாக எழுதியிருந்தீர்கள். அதை நம்பாதீர்கள். பால் வரும் யூஃபோர்பியாவைத் தவிர இந்தச் செடிகள் எல்லாமே கார்யோஃபில்லேல்ஸ் என்ற வரிசையைச் சேர்ந்தவை. இவற்றில் சிவப்பைத் தருவது பீட்டாலெயின் என்னும் நிறமி. வெயில், உப்பு, தண்ணீர்த் தட்டுப்பாடு என்று எது அதிகமானாலும் தண்டு சிவக்கும், நிழலில் நல்ல ஈரத்தில் இருந்தால் பச்சையாகவே நிற்கும். சாரணையிலேயே தண்டும் இலை ஓரமும் சிவந்து இளஞ்சிவப்பாகப் பூக்கும் வடிவம் ஒன்று, முழுக்கப் பச்சையாக இருந்து வெள்ளையாகப் பூக்கும் வடிவம் ஒன்று என இரண்டு உண்டு. அருகருகே முளைத்திருந்தால் இரண்டு இனம் என்று அடித்துச் சொல்வீர்கள். கணுவைப் பார்த்தால் இரண்டிலும் அதே உறை, அதே ஒற்றைப் பூ.

இதுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில். மணல்மேட்டில் பார்த்தது சிறிய தடித்த இலையோடு சிவந்தும், இடிபாட்டில் பார்த்தது அகன்ற மெல்லிய இலையோடு பசுமையாகவும் இருந்தால், அது ஒரே செடி இரண்டு இடத்தில் வளர்ந்த விதம் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். உப்பு ஏறிய மண்ணில் இலை தடிப்பது இப்படிப்பட்ட செடிகளில் சாதாரணம். கடற்கரையும் கட்டட இடிபாடும் நமக்குச் சம்பந்தமில்லாத இடங்களாகத் தோன்றினாலும் இந்தச் செடியின் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்: மேலே நிழல் இல்லை, பக்கத்தில் போட்டிக்கு ஆள் இல்லை, மண் அடிக்கடி புரட்டிப்போடப்படுகிறது. ஒரு பக்கம் காற்றும் அலையும் புரட்டுகின்றன, மறுபக்கம் மண்வெட்டியும் இயந்திரமும் புரட்டுகின்றன. சாரணை சி4 வகை ஒளிச்சேர்க்கை செய்யும் செடி. கடும் வெயிலிலும் வெப்பத்திலும் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழித்து வேகமாக வளர அது உதவுகிறது. மழை பெய்து முளைத்த சில வாரங்களிலேயே பூத்துக் காய்த்துவிடும். உயரமான புல்லும் புதரும் வந்து நிழல் கட்டிவிட்டால் அந்த இடத்தில் இதைக் காண முடியாது, விதைகள் மட்டும் மண்ணில் அடுத்த புரட்டலுக்காகக் கிடக்கும். உழுத வயலில் மக்காச்சோளம், நிலக்கடலை, பருத்தி, பயறு வகைகளுக்கு நடுவே இது பெரிய களையாக இருப்பதற்கும் காரணம் இதுவே. ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று வெப்ப நாடுகள் முழுக்கப் பரவியிருக்கிறது. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இலேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்.

இடத்தை வைத்துச் செடியை அடையாளம் காண முயல்வதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. மேலே சொன்ன அத்தனை செடிகளும் இதே மாதிரியான திறந்த வெளியில்தான் வருகின்றன. ஓர் இடிபாட்டு மேட்டில் சாரணை, பருப்புக்கீரை, மூக்கிரட்டை மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று படர்ந்து கிடப்பது மிகச் சகஜம். நீங்கள் ஒரு கிளையின் பூவையும் இன்னொரு செடியின் இலையையும் சேர்த்துப் படமெடுத்துவிட்டால் எந்த ஆப்பும் என்ன செய்யும்? ஒரே தண்டைக் கடைசி வரை விரலால் பின்தொடர்ந்து, அது எந்த வேரில் போய் முடிகிறது என்று பார்த்த பிறகு படமெடுங்கள். கணுவைப் பக்கவாட்டில் ஒன்று, ஜோடி இலைகள் இரண்டும் முழுதாகத் தெரியும்படி ஒன்று, பிடுங்கிய வேர் ஒன்று, கழன்ற மூடியும் விதையும் உள்ளங்கையில் வைத்து ஒன்று. முழுச் செடியின் அழகான படம் கடைசியில் போதும்.

சில செடிகளில் இலைகள் நூலால் பின்னப்பட்டு, ஓட்டையும் வெளிறிய சவ்வுமாகக் கிடந்தால் அது நோய் என்று நினைக்க வேண்டாம். ஸ்போலாடியா ரிகர்வாலிஸ் என்ற அந்துப்பூச்சியின் புழுவுக்குச் சாரணை விருப்பமான உணவு. ஆனால் அது தண்டுக்கீரை வகைகளையும் விட்டுவைக்காது, அதனால் புழுவைப் பார்த்துச் செடிக்குப் பெயர் வைத்துவிட முடியாது.

இனி சாப்பிடுவது பற்றி. இளந்தளிரைக் கீரையாகச் சமைத்து உண்பவர்கள் உலகின் பல பகுதிகளில் இருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் சாரணையில் ஆக்சலேட் அதிகம். சிறுநீரகக் கல் இருப்பவர்கள், சிறுநீரகப் பிரச்சினைக்கு மருந்து எடுப்பவர்கள் இதன் பக்கமே போகக் கூடாது. முதிர்ந்த இலை வயிற்றைக் கெடுக்கும் என்ற பதிவுகளும் உண்டு. மூக்கிரட்டைக்குச் சொல்லப்படும் மருத்துவக் குணங்களை இதற்கு அப்படியே மாற்றிப் போட்டுக்கொள்வதும் தவறு. இரண்டும் வேறு குடும்பம், உள்ளே இருக்கும் வேதிப்பொருள்களும் வேறு. தவிர, நீங்கள் பார்த்த இரண்டாவது இடம் கட்டட இடிபாடு. பழைய சுவரின் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசியும் மண்ணும் செடிமேல் படிந்திருக்கும். அங்கே முளைத்தது சாரணையாக இருந்தாலும் சரி, எல்லோரும் உண்ணும் பருப்புக்கீரையாகவே இருந்தாலும் சரி, பறிக்காதீர்கள்.

கணுவின் படம் எடுக்க முடிந்தால் அனுப்புங்கள். பூ கொத்தாக இருக்கிறதா, ஒற்றையாக இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிட்டால் சாலேயாவா சாரணையா என்ற மிச்சச் சந்தேகத்தையும் தீர்த்துவிடலாம்.